அப்பாவின் கால் பெட்டி

கல்கத்தாவில் செய்த ஆர்மோனியப் பெட்டி அது. முன்பலகையில் பதித்திருந்த பித்தளைத் தகட்டில் கடைப் பெயர் தேய்ந்துபோய் ஊரின் பெயர் மட்டும் மிஞ்சியிருந்தது. மடக்கி மூடினால் டிரங்குப் பெட்டி அளவுதான். கால்களை விரித்து நிறுத்தி, மிதிகட்டை இரண்டையும் கீழே இறக்கினால் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வாசிக்கலாம். நாடகக்காரர்கள் இதைக் கால் பெட்டி என்பார்கள். ஒரு கையால் துருத்தியைத் தட்டிக்கொண்டு மறு கையால் வாசிக்கிற கைப்பெட்டி பஜனை மடத்துக்குப் போதும். மைக் இல்லாத காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசைவரை சுருதி கேட்க வேண்டுமென்றால் காலால் மிதித்துத்தான் ஆக வேண்டும்.

1991இல் அப்பா இறந்தபோது, ஒருவரையொருவர் அறியாத மூன்று கூட்டம் வீட்டுக்கு வந்தது. புதுக்கோட்டைப் பக்கத்து நாடகக்காரர்கள், கோயம்புத்தூரில் அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த பழைய ஸ்டூடியோ வாத்தியக்காரர் இரண்டு பேர், திருச்சி வானொலி ஆட்கள். மூன்று கூட்டமும் மூன்று வேறு மனிதர்களைப் பற்றிப் பேசுவதுபோல் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேசியதை ஒரே ஆளின் வாழ்க்கையாகச் சேர்த்துப் பார்க்க எனக்கு உதவியது அந்தப் பெட்டிதான். அது அவரோடு போன இடங்களையும், அதை உள்ளே விடாத ஒரே ஒரு இடத்தையும் வரிசைப்படுத்தினால் அப்பா முழுசாகத் தெரிகிறார்.

ஆர்மோனியம் பிறந்தது பாரிஸில். அலெக்ஸாந்தர் தெபேன் என்பவர் 1842இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். பாதிரிமார்களோடும் வெள்ளைக்கார அதிகாரிகளின் வீட்டுச் சாமான்களோடும் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் போன்றவர்கள் தரையில் உட்கார்ந்து வாசிக்கத் தோதாக அதன் காலை எடுத்துவிட்டுக் கைத்துருத்தி வைத்தார்கள். தமிழ்நாட்டுக்கு அதைப் பெரும்பாலும் கொண்டுவந்தவை வடக்கிலிருந்து வந்த பார்ஸி நாடகக் குழுக்கள். வந்த வேகத்தில் நம் நாடகம் அதைச் சுவீகரித்துக்கொண்டது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்துக் கம்பெனி தொடங்கியபோது ஆர்மோனியம் இல்லாத நாடகம் என்பதே கிடையாது. 1922இல் சுவாமிகள் மறைந்த பிறகு அவருடைய பாட்டுகள் ஏடுகளில் இருந்ததைவிட ஆர்மோனியக்காரர்களின் விரல்களில்தான் பத்திரமாக இருந்தன. நாடக நடிகர் எஸ். ஜி. கிட்டப்பா பாடும்போது ஆர்மோனியத்தில் உட்கார்ந்திருந்தவர் அவருடைய அண்ணன் காசி ஐயர். தம்பி எந்தச் சங்கதியை எங்கே போடுவான் என்று அண்ணனுக்குத் தெரியும். 1933 டிசம்பரில், 27 வயதில் கிட்டப்பா இறந்த செய்தி வந்தபோது தன் கம்பெனியில் அன்று யாரும் அடுப்பு மூட்டவில்லை என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

அப்பா பாய்ஸ் கம்பெனிக்குப் போனது பத்து வயதில். மூன்று வேளையும் சோறு போடுவார்கள் என்பதற்காகத் தாத்தா சேர்த்துவிட்டார். அந்தக் காலத்தில் அப்படிச் சேர்க்கப்பட்ட பிள்ளைகளில் எம்.ஜி.ஆரும் சிவாஜியும் உண்டு. ஊர் பேர் தெரியாமல் போனவர்கள் எத்தனையோ பேர். அப்பா அரிச்சந்திராவில் லோகிதாசனாகப் பாம்பு கடித்துச் சாவார். பிறகு ஸ்த்ரீபார்ட், அதாவது பெண் வேஷம். பதினைந்து வயதில் மகரக்கட்டு வந்தது. குரல் உடைந்த பையனுக்குக் கம்பெனியில் வேலை இல்லை. பந்தம் பிடிக்கலாம், படுதா இழுக்கலாம், இல்லை ஊருக்குப் போகலாம். வாத்தியார் அவரை ஊருக்கு அனுப்பாமல், "பெட்டியைத் துடைச்சு வை" என்று ஆர்மோனியக்காரரிடம் விட்டார். அப்பாவும் பெட்டியும் சந்தித்தது அங்கேதான்.

ஆர்மோனியக்காரரின் வேலை என்னவென்று வெளியாட்களுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. நாடக நோட்டீஸில் 'ஆர்மோனியம் – பின்பாட்டு' என்று ஒரே வரியில் போட்டுவிடுவார்கள். கதாநாயகனான ராஜபார்ட் மேடைக்கு வந்து முதல் வார்த்தை பேசுவதற்குள் அவன் குரல் இன்று எப்படி இருக்கிறது என்று இவர் கண்டுபிடித்துவிட வேண்டும். நேற்று ஐந்து கட்டையில் பாடியவனுக்கு இன்று சளி பிடித்திருந்தால், சபைக்குத் தெரியாமல் சுருதியை இறக்க வேண்டும். அவன் மேலே போய் மூச்சு முட்டினால் அந்த இடத்தை இவர் தன் குரலால் எடுத்துக்கொண்டு, அவன் மூச்சு வாங்கியதும் திருப்பிக் கொடுக்க வேண்டும். வசனம் மறந்து நிற்கிறவனுக்குப் பாட்டின் முதல் இரண்டு சுரத்தை வாசித்து ஞாபகப்படுத்த வேண்டும். வள்ளியும் நாரதரும் தர்க்கம் செய்யும்போது கையைக் கட்டையிலிருந்து எடுத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். இந்தச் சும்மா இருத்தல்தான் ரொம்பக் கஷ்டம் என்பார் அப்பா. "வாசிக்கிறவன் நிறைய பேர் உண்டும்மா. நிறுத்தத் தெரிஞ்சவன் கொஞ்சம்."

பெட்டி கம்பெனியோடு சுற்றியது. ஒரு ஊரில் ஒரு மாதம், கூட்டம் வந்தால் இரண்டு மாதம். பிறகு கொட்டகையைப் பிரித்து, படுதாக்களையும் கிரீடங்களையும் கூட்ஸ் வண்டியில் ஏற்றிவிட்டு அடுத்த ஊர். பெட்டியை மட்டும் கூட்ஸில் போட மாட்டார்கள். மூன்றாம் வகுப்பில், அப்பாவின் காலடியில் வரும். ஒரு முறை இலங்கைக்கும் போனது. தனுஷ்கோடிவரை போட் மெயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயிலில் கொழும்பு. திரும்பி வந்தபோது கடல் உப்பில் நாக்குகள் பச்சை பூத்திருந்தன. பெட்டியின் உயிர் அந்தப் பித்தளை நாக்குகள்தான். காற்று அவற்றை உரசிப் போகும்போது அதிர்ந்து ஒலி வருகிறது. நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, சுரண்டி, காதால் சேர்த்து மாட்டும் வேலையை அப்பா அப்போது கற்றுக்கொண்டார். பிற்காலத்தில் வீட்டில் அவர் அதைச் செய்யும்போது நாங்கள் யாரும் ரேடியோ வைக்கக் கூடாது, பாத்திரம் தேய்க்கக் கூடாது, உரக்கப் பேசவும் கூடாது.

1931இல் 'காளிதாஸ்' பேசும்படம் வந்த பிறகு நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக சினிமாக் கொட்டகைகளாயின. அப்பாவின் கம்பெனி கொஞ்சம் தாக்குப் பிடித்து 1941இல் கலைந்தது. பல மாதச் சம்பளப் பாக்கி. முதலாளியிடம் பணம் இல்லை. ஆளுக்கு ஒரு சாமானை எடுத்துக்கொள்ளச் சொன்னார். வெள்ளிச் சரிகை போட்ட ராஜ உடைக்குத்தான் போட்டி. அப்பா பெட்டியைக் கேட்டார். முதலாளி அழுதுகொண்டே கொடுத்தார் என்று அப்பா சொல்லும்போதெல்லாம் அவர் குரலில் அந்த மனிதர்மேல் மரியாதை குறைந்ததே இல்லை.

கம்பெனி கலைந்த பிறகு வந்த கோயம்புத்தூர் ஸ்டூடியோ நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. யுத்தத்தால் பிலிம் தட்டுப்பாடு, படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம். பாட்டுகள் குறைந்தன, வாத்தியக்காரர்களுக்கு வேலையும் குறைந்தது. ஆனால் மெட்டு உருவாகும் இடம் ஆர்மோனியம்தான் என்பதை அப்பா அங்கே கண்ணால் பார்த்தார். ஜி. ராமநாதன் ஆர்மோனியக்காரராக இருந்து இசையமைப்பாளர் ஆனவர். பின்னாளில் எம். எஸ். விசுவநாதனும் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டுதான் மெட்டுப் போட்டார். படத்தில் அதன் சத்தமே இல்லாமல் போனாலும் பாட்டுக்குப் பிரசவம் பார்த்தது அதுதான்.

திருச்சி வானொலி நிலையம் 1939இல் தொடங்கியது. யுத்தம் முடிந்த வருஷம் அப்பா அங்கே நாடகத்துக்குக் குரல் தேர்வுக்குப் போனார். விண்ணப்பத்தில் 'நாடக நடிகர், பாடகர்' என்று எழுதினார். ஆர்மோனியம் தெரியும் என்று எழுதவில்லை. எழுதியும் பயனில்லை. 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலியில் ஆர்மோனியத்துக்குத் தடை இருந்தது.

இந்தத் தடை ஒரே நாளில் வந்ததல்ல. பாரதியார் 'சங்கீத விஷயம்' கட்டுரையில் ஆர்மோனியத்தைக் கடுமையாகத் தாக்கியிருக்கிறார். டில்லி வானொலியில் மேற்கத்திய இசைப் பகுதியை நடத்திவந்த ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கில இசையமைப்பாளர் 1938இல் வானொலி இதழிலேயே அதற்கு எதிராக எழுதினார். 1940 ஜனவரியில் தாகூர் கல்கத்தா நிலையத்துக்குக் கடிதம் எழுதினார். வானொலித் தலைவராக இருந்த லயனல் ஃபீல்டன் தடையைப் போட்டார். அவர்கள் சொன்ன இசைக் காரணம் உண்மையானது. ஆர்மோனியத்தின் சுரங்கள் செய்யும்போதே பூட்டப்பட்டவை. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் எதுவும் கிடையாது. நம் இசையின் உயிரோ அந்த நடுவில்தான் இருக்கிறது. தோடியின் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்பதில்லை, அசைந்துகொண்டே இருக்கும். பிடிலில் விரல் வழுக்கிப் போகும், வீணையில் தந்தியை இழுக்கலாம். பெட்டியில் என்ன செய்ய முடியும்? இதை அப்பாவே ஒப்புக்கொள்வார். "பெட்டியிலே தோடி வராதும்மா. தோடியோட நிழல் வரும்." சொல்லிவிட்டு இதையும் சேர்த்துக்கொள்வார்: "ஆனா பாடறவன் தோடி பாடணும்னா பக்கத்துல யாராச்சும் நிழலாட்டம் நிக்கணும்ல."

இசைக் காரணம் சரி. அதற்காகப் போட்ட விதி சரியல்ல என்றுதான் நான் நினைக்கிறேன். அதே துருத்தி, அதே நாக்கு கொண்ட சுருதிப் பெட்டி கச்சேரி மேடைகளில் மரியாதையோடு உட்கார்ந்திருந்தது. கச்சேரி வித்துவான் ஆர்மோனியம் இல்லாமல் பாடிக்கொள்வார். விடியவிடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்துக்காரரால் முடியாது. ராகத்தின் தூய்மைக்காகப் போட்ட கதவு, ஏழை நாடகக் கலைஞர்கள் முகத்தில்தான் சாத்தப்பட்டது. அவர்கள் வானொலி நிலையக் கட்டடத்துக்கு வெளியே, சைக்கிள்களில் போய்க்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

அவர் உள்ளே செய்ததெல்லாம் பெட்டியில் கற்றதுதான். இதை எனக்குச் சொன்னது அப்பா அல்ல. அவரோடு பல வருஷம் நடித்த ஒரு வானொலி நடிகை. அந்த நாள் நாடகங்கள் நேரடியாக ஒலிபரப்பானவை. சிவப்பு விளக்கு எரிந்துவிட்டால் இருமல்கூட ஊரெல்லாம் கேட்கும். ஸ்கிரிப்டின் தாள்களைத் தனித்தனியாகப் பிரித்து, சத்தமில்லாமல் கீழே நழுவவிட்டுக்கொண்டே நடிப்பார்கள். கொட்டாங்கச்சியைத் தட்டினால் குதிரை. ஒரு நாள் புதுப் பையன் ஒருவனிடம் தாள் ஒன்று குறைந்துவிட்டது. வசனம் வர வேண்டிய இடத்தில் மௌனம். கிழவர் வேஷத்தில் இருந்த அப்பா இருமினார். "என்னடா தம்பி, மனசிலே இருக்கிறதைச் சொல்லத் தயக்கமா?" என்று அந்தக் கிழவர் குரலிலேயே கேட்டு, பையன் சொல்ல வேண்டியதைக் கேள்வியாக மாற்றி அவன் வாயில் வைத்தார். அதற்குள் வேறொருவர் தன் தாளை அவன் கையில் திணித்துவிட்டார். மூச்சு முட்டும் ராஜபார்ட்டிடமிருந்து பாட்டை வாங்கித் திருப்பிக் கொடுக்கும் அதே வேலை. நேரம் முடிய எத்தனை விநாடி இருக்கிறது என்று கடிகாரத்தைப் பார்க்காமலே அவருக்குத் தெரியுமாம். விடியும் நேரத்துக்கும் மங்களம் பாடும் நேரத்துக்கும் இடைவெளி கணக்கிட்டுப் பழகிய உடம்பு.

1966இல் 'வயலும் வீடும்' என்ற விவசாய நிகழ்ச்சி வந்தபோது அப்பாவைக் கிராமத்து அண்ணனாகப் பேச வைத்தார்கள். ஆடுதுறை 27 நெல் தஞ்சை வயல்களில் பரவிய காலம். திருச்சி நிலையம் அதைப் பற்றி அவ்வளவு பேசியதால் விவசாயிகள் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். உரம் எவ்வளவு, எப்போது தண்ணீர் கட்டுவது என்று வேளாண்மை அதிகாரி சொல்வார். அப்பா புரியாதவர்போல் மறுபடி கேட்பார். கேட்டுவிட்டு ஒரு கணம் நிறுத்துவார். ரேடியோ முன்னால் உட்கார்ந்திருப்பவர் அந்த அளவை மனதில் வாங்கிக்கொள்வதற்கான நிறுத்தம் அது.

வானொலி வேலை இல்லாவிட்டால் அம்மா அவருக்கு வாய்த்திருக்க மாட்டாள். கூத்தாடிக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று முதலில் மறுத்த குடும்பம், சர்க்கார் ரேடியோவில் பேசுகிறவர் என்று தெரிந்ததும் இறங்கி வந்தது. உறையூர் வீட்டைப் பார்க்க வந்த என் தாய்வழித் தாத்தா, மூலையில் ஜமுக்காளம் போர்த்தியிருந்த பெட்டியைக் காட்டி, "இது இங்கே இருக்கணுமா மாப்பிள்ளை?" என்று கேட்டாராம். அப்பா பதில் சொல்லவில்லை. கல்யாணமான முதல் வாரம் அம்மாவே ஜமுக்காளத்தை எடுத்து மடித்து வைத்துவிட்டு, "வாசிங்க, கேப்போம்" என்றாள். அம்மாவுக்கு நல்ல குரல். பாட்டு கற்றுக்கொள்ள வீட்டில் விடவில்லை. ஆர்மோனியத்தில் அப்பா சரளி வரிசை வாசிக்க, அம்மா அடுப்படியில் இருந்தபடியே பாடிப் பழகினாள். அப்புறம் எங்களுக்கு அவளே வாத்தியார்.

மடக்கிய பெட்டிமேல் இஸ்திரி போட்டிருக்கிறோம், பரீட்சைக்குப் படித்திருக்கிறோம். தெருவில் கல்யாணம் என்றால் நலுங்குக்குப் பெட்டி போகும். மழைக்காலத்தில் மரம் ஊறிக் கட்டைகள் இறுகிக்கொள்ளும். துருத்தித் தோலைப் பூச்சி அரிக்காமலிருக்க அம்மா உள்ளே நாப்தலின் உருண்டை போட்டு வைப்பாள். அக்காவின் காலேஜ் ஃபீஸுக்காக ஒரு தடவை அது அடகுக் கடைக்கும் போய்வந்தது. அம்மாவின் வளையலும் பெட்டியும் ஒன்றாகப் போயின. முதலில் மீட்கப்பட்டது பெட்டி. வளையலைத்தான் முதலில் மீட்க வேண்டும் என்று அப்பா சண்டை போட்டார். அம்மா கேட்கவில்லை.

1971இல் வானொலி தடையைத் தளர்த்தியது. பக்கவாத்தியமாக, தரம் பெற்ற கலைஞர்களுக்கு மட்டும். தனி வாசிப்புக்கு அப்போதும் இடமில்லை. நாடகப் பெட்டிக்காரருக்கு அந்தத் தளர்வால் எதுவும் மாறவில்லை. அப்பாவுக்கு அப்போது 53 வயது. அன்றிரவு வெகு நேரம் பெட்டி வாசித்தார் என்று எழுதத்தான் எனக்கும் ஆசை. அன்று அவருக்கு இரவு டியூட்டி. வழக்கம்போலப் போய்விட்டு வந்தார்.

ஓய்வு பெற்ற மறு வருஷம்தான் பெட்டி மறுபடி மேடையேறியது. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழா, வள்ளி திருமணம். ஆர்மோனியக்காரர் படுத்த படுக்கையாகிவிட, பழைய பழக்கத்தில் யாரோ அப்பாவைத் தேடி வந்தார்கள். பிள்ளைகள் நாங்கள் வேண்டாம் என்றோம். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியவிடிய வாசிப்பது. பென்ஷன் வருகிறதே என்றோம். அம்மா, "போய்ட்டு வரட்டும்" என்று ஒரு ஃபிளாஸ்க்கில் சுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகு பங்குனி பிறந்தால் ஆடி முடியும்வரை பெட்டி வீட்டில் தங்காது. சுவரொட்டிகளில் அப்பா பெயருக்கு முன்னால் 'வானொலி புகழ்' என்று போட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு வயலும் வீடும் கேட்டு வளர்ந்த விவசாயிகள் நாடகத்துக்கு வந்தார்கள். பின்பாட்டில் அந்த அண்ணன் குரலைக் கேட்டதும் கீழேயிருந்து யாராவது நெல்லைப் பற்றிக் கேட்பார்களாம். பபூன் அதை வைத்தே பத்து நிமிஷம் ஓட்டிவிடுவாராம்.

முட்டி வலி வந்து நாடகம் நின்றது. கால் மிதிக்க முடியவில்லை. சாயங்காலங்களில் நானோ அக்கா பையனோ தரையில் உட்கார்ந்து மிதிகட்டைகளைக் கையால் அழுத்துவோம். அவர் வாசிப்பார். வேகம் கூடினால், "மூச்சு வாங்காதே, நிதானம்" என்பார்.

அப்பா போன பிறகு, பெட்டியை மியூசியத்துக்குக் கொடுக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அக்காவும் நானும் பேசி, புதுக்கோட்டையில் ஸ்பெஷல் நாடகம் வாசிக்கும் ஒருவருக்குக் கொடுத்தோம். அப்பாவோடு இளம் வயதில் பின்பாட்டுப் பாடியவர். பழைய நாக்குகள் ஜெர்மனியில் செய்தவை, பாதி ஓய்ந்துபோயிருந்தன. குஜராத்தில் பாலிதானாவில் செய்யும் நாக்குகளை வாங்கி மாற்றினார். துருத்தித் தோல் புதுசு. பித்தளைத் தகடு அப்படியே இருக்கிறது. இப்போது பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு மைக் வைக்கிறார்கள். ஆனாலும் அவர் காலால் மிதித்துத்தான் வாசிக்கிறார், கைப்பெட்டியில் இரண்டு கைக்கும் வேலை கிடைக்காது என்று. போன சித்திரையில் போன் செய்து, மிதிகட்டையின் மரம் கீறிவிட்டது, இரும்பில் செய்து மாட்டிக்கொள்ளலாமா அக்கா என்று கேட்டார். தாராளமாகச் செய்யுங்கள், அடுத்த நாடகம் எந்த ஊரில் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன்.